திருப்பிய லொறி எங்கே போகும்?

பெப்ரவரி கடைசியிலிருந்து சித்திரைப் புதுவருடம் வரை கலேவெலவுக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ 6 வீதியால் போகிறவர்கள், வீதியோரம் நெடுக விரித்த தறப்பாள்களில் மஞ்சளாய்ச் சோளம் காய்வதைக் காணலாம். பெரும்போக மழையை நம்பி சேனையிலும் மேட்டுக்காணியிலும் போட்ட சோளம் அது. இதில் ஒரு பங்கு பொரித்தோ அவித்தோ மனிதர் வாய்க்குப் போகும். பெரும்பங்கு போவது கோழிக்கும் மாட்டுக்கும். முட்டைக்கோழியோ இறைச்சிக்கோழியோ, அதன் தீனில் ஏறத்தாழப் பாதி சோளம்தான். கோழி வளர்ப்பவர் செலவழிக்கும் நூறு ரூபாவில் அறுபதிலிருந்து எழுபது ரூபா வரை தீனுக்கே போய்விடும்.

தீனின் தரம் ஆய்வுகூடத்தில் தீர்மானமாகிறது என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. ஆய்வுகூடம் ஒரு இலக்கத்தைத்தான் சொல்லும். அந்த இலக்கம் மோசமாக இருக்கும்போது, வாசலில் நிற்கும் லொறியைத் திருப்பி அனுப்ப ஆலைக்காரருக்கு அன்றைக்குக் கட்டுப்படியாகுமா என்பதைச் சந்தை சொல்லும். சோளம் காணியிலிருந்து மூட்டையாகித் தொழுவத்துக்கு வரும் வழியை ஒவ்வொரு படியாகப் பார்த்தால், இந்த இரண்டும் எங்கெங்கே மோதுகின்றன என்பது தெரியும்.

முதல் படி காணியில். ஒக்டோபரில் மழை விழுந்ததும் விதை போடுகிறார்கள். விதை பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் கலப்பினம். கதிர் பால் பிடித்து முற்றும்போது மழை ஏய்த்துவிட்டாலும் கெடுதி, முற்றிய பிறகு தை மாதத்தில் மழை பிடித்துக்கொண்டாலும் கெடுதி. வறட்சியில் வாடிய கதிரிலும், புழு துளைத்த கதிரிலும் பூஞ்சணம் எளிதில் ஏறும். 2018 கடைசியில் இலங்கைக்குள் வந்த சேனா படைப்புழு விளைச்சலைக் குறைத்ததை எல்லோரும் பேசினார்கள். அது ஓட்டை போட்ட கதிர் வழியாகப் பூஞ்சணம் நுழைந்ததைப் பேசியவர்கள் குறைவு.

கதிரை முறிக்கும்போது மணியில் ஈரம் இருபது வீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆலை கேட்பது பதினான்கு வீதம் அல்லது அதற்குக் கீழ். இந்த ஆறேழு வீதத்தை இறக்குவதுதான் முழுச் சங்கிலியிலும் பெரிய வேலை. அதைச் செய்யவேண்டியவரோ கையில் காசு மிகக் குறைந்தவர். விதைக்கும் பசளைக்கும் கடன் வாங்கியிருப்பார், அந்தக் கடனைத் தந்தவரே சோளத்தை வாங்குபவராகவும் இருப்பார். ஐந்து நாள் காயவைத்தால் நிறை குறையும். அதற்கேற்ற கூடுதல் விலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இரவு பனி விழும், இடையில் ஒரு மழை வரும், காய்ந்ததும் மறுபடி நனையும். ஆகவே பாதி காய்ந்த நிலையிலேயே சாக்கில் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

ஈரமானி இல்லாத வீட்டில் ஈரத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நன்றாகக் காய்ந்த ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசிக்குச் சோளத்தைப் போட்டு, வெயிலில் காயவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் பதினைந்து வீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால் சாக்கில் கட்டலாம். மணியைப் பல்லால் கடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். பதினெட்டு வீதத்தையும் பதினான்கு வீதத்தையும் பிரித்துச் சொல்லும் பற்கள் சில பேருக்குத்தான் வாய்த்திருக்கின்றன.

அடுத்த படி விலை. ஊர் வியாபாரி வீட்டு வாசலில் வந்து வாங்குவார். அவரிடமிருந்து பெரிய சேர்ப்பவர், அவரிடமிருந்து ஆலை. சில பெரிய நிறுவனங்கள் போகத்துக்கு முன்பே விலை பேசி ஒப்பந்தம் போட்டு விதையும் கொடுப்பதுண்டு. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் “கழிவு” என்ற ஒரு சொல்லுக்குள் ஈரம், தூசு, உடைசல், சாக்கு நிறை எல்லாம் அடங்கிவிடும். மூட்டைக்கு இத்தனை கிலோ என்று குத்துமதிப்பாகக் கழிப்பார்கள். நன்றாகக் காயவைத்தவருக்கும் அதே கழிவு, ஈரமாகக் கொண்டுவந்தவருக்கும் அதே கழிவு. தரம் கெடுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பத்துத் தொன் சோளம் பதினெட்டு வீத ஈரத்தில் வருகிறது. அதில் தண்ணீர் 1,800 கிலோ, உலர்ந்த பொருள் 8,200 கிலோ. அதே உலர்ந்த பொருள் பதினான்கு வீத ஈரத்தில் 9,535 கிலோ நிறைதான் இருக்கும். ஆக, ஆலை 465 கிலோ தண்ணீருக்குச் சோள விலை கொடுக்கிறது. ஈரமானியைப் பார்த்து விலையைக் கூட்டிக் குறைக்கும் ஆலை இந்த 465 கிலோவைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிடும். காயவைத்தவருக்கு அதே கணக்கில் கூட்டிக் கொடுப்பதுதான் நியாயம். கழிப்பதைப் போலக் கூட்டுவதும் நடக்கிறதா என்று கேட்டால், பதில் ஆலைக்கு ஆலை மாறும்.

இனி ஆலை வாசல். லொறி வந்ததும் தறப்பாளை அவிழ்ப்பதற்கு முன்பே மூக்குக்கு வேலை உண்டு. புளித்த வாடை, புழுங்கல் வாடை, மண் வாடை என்று வாசலில் நிற்பவருக்கு மூன்றும் வெவ்வேறாகத் தெரியவேண்டும். பிறகு குத்தூசி. நீளமான, நுனி கூரான குழாய். மூட்டையில் மேலிருந்து சரிவாகச் செருகித் திருப்பி எடுத்தால் உள்ளிருக்கும் மணி குழாய்க்குள் விழும். பின்பக்கத்தில் கைக்கெட்டும் நாலு மூட்டையில் மட்டும் குத்திவிட்டு விடுவது சோம்பல் மட்டுமல்ல, வியாபாரி எதிர்பார்ப்பதும் அதைத்தான். நல்ல மூட்டைகள் பின்கதவருகிலும் மேலடுக்கிலும் இருக்கும், மற்றவை நடுவில். ஆகவே இறக்க இறக்கக் குத்தவேண்டும். பத்து மூட்டைக்கு ஒன்று என்பது பல ஆலைகளின் வழக்கம்.

எடுத்ததையெல்லாம் ஒரு பொலித்தீன் விரிப்பில் கொட்டி, கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்களை ஒதுக்கி, மீதியை மறுபடி கலந்து, மறுபடி நான்காகப் பிரித்து, கடைசியில் ஒரு கிலோ அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதில் ஒரு பங்கு சோதனைக்கு. ஒரு பங்கு முத்திரையிட்டு வைப்பதற்கு. தகராறு வந்தால் பார்ப்பதற்கு விற்றவருக்கும் ஒரு பங்கு. இந்த வேலைக்கு அரைமணி நேரம் போகும். லொறிக்காரர் அவசரப்படுவார். “முதலாளி, பல்லுக்கு உடையுது, பிறகென்ன ஈரம்?” என்ற குரல் எந்த ஆலை வாசலிலும் கேட்கும்.

ஈரமானி ஒரு நிமிடத்தில் இலக்கம் தரும். சந்தேகமானால் அடுப்பு: 105 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்து, இழந்த நிறையைக் கணக்கிடுவது. உடைந்த மணி, பூச்சி அரித்த மணி, நிறம் மாறிய மணி ஆகியவற்றைப் பொறுக்கி நிறுத்துப் பார்ப்பார்கள். உயிருள்ள வண்டு இருந்தால் அந்த மூட்டைகள் களஞ்சியத்துக்குள் போகக்கூடாது.

இதற்குப் பிறகு வருவதுதான் அப்ளாடொக்சின். கொஞ்சம் நின்று பேசவேண்டிய விஷயம் இது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. என்ன நோய் என்று தெரியாததால் “டேர்க்கி எக்ஸ்” என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் பிடிபட்டது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணம் உண்டாக்கிய நச்சுத்தான் அப்ளாடொக்சின். ஈரலைத் தாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை வைத்திருக்கிறது. தீன் வியாபாரத்தில் பேசப்படும் அளவு 20 பிபிபி. அதாவது ஒரு தொன் சோளத்தில் 20 மில்லிகிராம். உப்புக்கல் சிலவற்றின் நிறை.

இவ்வளவு சிறிய அளவு ஒரு லொறி முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு மூட்டையின் ஒரு மூலையில் நனைந்த இடத்தில் குவிந்திருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. எனவே கருவி எவ்வளவு நல்லதானாலும், பிழை பெரும்பாலும் குத்தூசியில்தான் தொடங்குகிறது. நாலு மூட்டையில் குத்தி எடுத்த மாதிரியை உலகத்தின் சிறந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும், அந்த நாலு மூட்டையைப் பற்றித்தான் பதில் வரும்.

விரைவாகப் பார்க்க ஒரு வழி, இருட்டறையில் கறுப்பு ஒளி விளக்கு. உடைத்த சோளத்தை அதன் கீழ் பரப்பினால், பூஞ்சணம் வேலை செய்த மணி பச்சையும் மஞ்சளும் கலந்து மின்னும். மின்னுவது அப்ளாடொக்சின் அல்ல. அதே பூஞ்சணம் விட்டுப்போன வேறொரு பொருள். மின்னினால் சந்தேகப்படவேண்டும், மின்னாவிட்டால் நிம்மதி அடையவும் முடியாது. அளவு தெரிய வேண்டுமானால் பட்டைச் சோதனையோ எலைசா சோதனையோ செய்யவேண்டும். பெரிய ஆலைகள் இதைத் தாங்களே செய்கின்றன. சிறிய ஆலைக்கு ஒவ்வொரு லொறிக்கும் ஒரு பட்டை என்பது செலவு. மாத்தளையிலிருந்து பேராதனை தூரமில்லை. கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. ஆனால் அங்கே மாதிரியைக் கொடுத்து முடிவு வரும்வரை லொறி காத்திருக்காது.

இன்னொரு உண்மையும் உண்டு. குச்சித்தீன் செய்யும்போது நீராவியில் எண்பது பாகைக்குச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் சில கிருமிகள் சாகும். அப்ளாடொக்சின் அப்படியே இருக்கும். நச்சை உறிஞ்சும் களிமண் வகைகளைத் தீனில் கலப்பது வழக்கத்தில் இருக்கிறது. அவை ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், கெட்ட சோளத்தை நல்லதாக்காது. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதை உள்ளே திருத்த வழியில்லை என்றுதான் இதற்குப் பொருள்.

சோளம் ஒரு பக்கம் இருக்க, மற்றப் பொருள்களுக்கும் வாசலில் தனித்தனியான தந்திரங்கள் உண்டு. தவிடு தம்புள்ளை, பொலன்னறுவைப் பக்க அரிசி ஆலைகளிலிருந்து வரும். நல்ல தவிட்டில் எண்ணெய் பன்னிரண்டு வீதத்துக்கு மேல் இருக்கும். தொட்டால் விரலில் பட்டுப்போல் ஒட்டும், இரண்டு வாரத்தில் கெடத் தொடங்கும். அதில் அரைத்த உமியைக் கலப்பது மிகப் பழைய வேலை. ஒரு கரண்டித் தவிட்டைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டால் உமி மிதக்கும், மணல் அடியில் தங்கும். ஆலையில் புளோரோகுளூசினோல் என்ற மருந்தை அமிலத்தோடு சேர்த்துத் துளித்துளியாக விடுவார்கள். உமித் துண்டுகள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். சிவப்பின் நெருக்கத்தைப் பார்த்தே பழகினவர் எத்தனை வீதம் உமி என்று சொல்லிவிடுவார். தட்டில் தெரியும் இந்தச் சிவப்புக்கு முன்னால் வாதாடும் வியாபாரியை நான் பார்த்ததில்லை.

தேங்காய்ப் புண்ணாக்கு குருநாகல் பக்கத்திலிருந்து வரும். கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அந்த நச்சு எண்ணெயைவிடப் புண்ணாக்கில்தான் அதிகம் தங்கும். 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அப்ளாடொக்சின் இருப்பதாக நாடு முழுக்க அமளி எழுந்தது. 2022இல் திரிபோஷ சத்துமாவைப் பற்றியும் அதே பேச்சு எழுந்தது. மாட்டுக்குப் போகும் புண்ணாக்கைப் பற்றி அந்த நாட்களில் யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை.

சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும் புரதத்துக்காக வாங்கப்படுபவை. இரண்டுக்கும் விலை அதிகம், அதனால் இரண்டிலும் விளையாட்டு அதிகம். சோயாவைச் சரியாக வறுக்காவிட்டால் அதிலிருக்கும் ஒரு பொருள் கோழியின் செரிமானத்தைத் தடுக்கும். வறுபட்டதா என்று அறிய யூரியாவும் பீனோல் சிவப்பும் கலந்த கரைசலைத் தெளிப்பார்கள். பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற நொதியம் உயிரோடிருக்கும். அது யூரியாவை உடைக்க, துகள்மேல் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். இங்கும் அங்குமாகச் சில புள்ளிகள் இருந்தால் சரி, தட்டு முழுக்கச் சிவந்தால் வறுபடவில்லை, ஒரு புள்ளியும் இல்லாவிட்டால் கருகும்வரை வறுத்திருக்கலாம். மீன்தூளில் இதன் மறுபக்கம். புரதம் என்று ஆய்வுகூடம் தரும் இலக்கம், 1883இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தில் யொஹான் கெல்டால் கண்ட முறைப்படி நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் பெற்றது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். நூறு கிலோ மீன்தூளில் ஒரு கிலோ யூரியாவைக் கலந்தால் காகிதத்தில் புரதம் கிட்டத்தட்ட மூன்று வீதம் ஏறிவிடும், கோழிக்கு ஒரு கிராம்கூட ஏறாது. 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் கலந்ததும் இதே நைதரசன் தந்திரம்தான். யூரியாவைப் பிடிக்கப் பச்சைச் சோயா மாவைத் தூவுகிறார்கள். ஒன்றை வைத்து மற்றதைப் பிடிப்பது, இரண்டுக்கும் ஒரே சிவப்பு.

களஞ்சியத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. மரத்தட்டில் அடுக்கு, சுவரிலிருந்து தள்ளி வை, முதலில் வந்ததை முதலில் எடு, கூரை ஒழுகினால் அன்றே அடை.

அடுத்தது சேர்மானம். கணினியில் ஒவ்வொரு பொருளின் விலையையும் சத்தையும் கொடுத்தால், கேட்ட சத்துக்கு ஆகக் குறைந்த செலவில் எதை எவ்வளவு போடலாம் என்று அது சொல்லும். முட்டைக்கோழித் தீனுக்குப் புரதம் பதினாறிலிருந்து பதினெட்டு வீதம், கல்சியம் மூன்றரையிலிருந்து நாலு வீதம். இறைச்சிக்கோழிக் குஞ்சுக்குப் புரதம் இருபத்தொன்றுக்கு மேல். சந்தை நேராக உள்ளே நுழைவது இங்கேதான். சோள விலை ஏறினால் கணினி குறுணல் அரிசியைத் தேடும், தவிட்டைக் கூட்டும், புண்ணாக்கைக் கூட்டும். கணினியைக் குறைசொல்ல முடியாது. அதற்குக் கொடுத்த சத்து விவரம் போன வருடத்துப் பட்டியலா, இன்று வந்த லொறியின் சோதனை முடிவா என்பதுதான் கேள்வி. எட்டு வீதப் புரதம் என்று எழுதிய சோளம் ஏழு வீதமாக இருந்தால், காகிதத்தில் சரியாக இருக்கும் தீன் கூட்டில் குறைபடும். சோளம் குறைந்து குறுணல் ஏறியதை முட்டையை உடைத்தே கண்டுகொள்ளலாம், மஞ்சட்கரு வெளிறிவிடும்.

அரைப்பதும் கலப்பதும் இயந்திர வேலை. ஆனால் கைத்தவறு இங்கே அதிகம். விற்றமின், கனிமம், மெதியோனின் போன்றவை ஒரு தொன்னுக்குச் சில கிலோதான் போகும். அவற்றை நேராக மிக்சருக்குள் கொட்டினால் ஓரிடத்தில் குவியும். முதலில் இருபது கிலோ அரைத்த சோளத்தோடு கலந்து, பிறகே உள்ளே போடவேண்டும். நின்றபடி சுழலும் மிக்சருக்குப் பதினைந்து நிமிடம், கிடைமட்ட மிக்சருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகக் கலந்ததா என்று பார்க்க ஒரே தொகுதியில் பத்து இடத்தில் எடுத்து உப்பின் அளவை அளப்பார்கள். பத்து இலக்கங்களுக்கிடையிலான மாறல் பத்து வீதத்துக்குள் இருந்தால் கலவை நல்லது. மின்கட்டணம் ஏறிய நாட்களில் பதினைந்து நிமிடம் பத்தாவதும், பத்து ஏழாவதும் நடக்கும். மூட்டையில் ஒட்டிய சீட்டில் இது தெரியாது.

சீட்டு சட்டப்படி கட்டாயம். 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டமும் 2016இல் அதற்குச் செய்த திருத்தமும் தீன் செய்பவரையும் இறக்குமதி செய்பவரையும் விற்பவரையும் பதிவுக்குள் கொண்டுவருகின்றன. அதிகாரி வந்து மாதிரி எடுக்கலாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மாதிரியைத் தொகுதி இலக்கத்தோடு ஆலை வைத்திருப்பது நல்ல வழக்கம். அந்தத் தீனைத் தின்ற கோழி சந்தைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பை எறியப்படக் கூடாது.

இத்தனை படிகளும் எந்தக் காலத்தில் தளர்ந்தன என்று பார்த்தால் சந்தையின் பங்கு விளங்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது, சோளக்காணிக்கு யூரியா வேண்டிய நாட்கள் கழிந்துகொண்டிருந்தன. 2022 மார்ச்சில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. சோயாப் புண்ணாக்கு, மெதியோனின், விற்றமின் எல்லாம் டொலரில் வாங்குபவை. சோளத்தையும் அப்போது அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறக்க முடியாதிருந்தது. உள்ளூர்ச் சோளம் குறைவு, வெளிநாட்டுச் சோளத்துக்குக் காசு இல்லை. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்சவிலை விதித்தது. தீன் விலைக்கு அப்படி ஒரு கூரை இருக்கவில்லை. சிறிய பண்ணைகள் கோழியை விற்றுவிட்டுக் கூட்டைப் பூட்டின. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில் ஆலை வாசலில் பதினேழு வீத ஈரத்தோடு ஒரு லொறி நின்றால் என்ன நடக்கும்? சோளம் மலிந்த மார்ச் மாதத்தில் அதைத் திருப்பிவிடுவார்கள். பின்னால் இன்னும் ஆறு லொறி நிற்கும். தட்டுப்பாட்டில் விலையைக் குறைத்துப் பேசி உள்ளே எடுப்பார்கள், “நல்லதோடு கலந்தால் தெரியாது” என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். எழுதிவைத்த தர அளவு இரண்டு நாளிலும் ஒன்றுதான். அதை நடைமுறைப்படுத்தும் துணிவு சோள விலையோடு ஏறி இறங்குகிறது.

மலிந்த காலத்தில் திருப்பிய லொறியும் காணிக்குத் திரும்பிப் போவதில்லை. பெரிய ஆலை வேண்டாம் என்றதைச் சின்ன ஆலை கொஞ்சம் குறைத்து வாங்கும். அதுவும் வேண்டாம் என்றால், உடைத்து மாட்டுத்தீன் என்று கட்டிச் சீட்டில்லாத மூட்டையாகக் கடைக்குப் போகும். கோழிப் பண்ணைக்காரர் கணக்குப் பார்ப்பவர். ஆயிரம் முட்டைக்கோழி ஒரு நாளைக்கு 110 கிலோ தின்னும், மறுநாளே முட்டை எண்ணிக்கை குறைந்தால் அவர் போன் எடுத்துவிடுவார். மாடு அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஆகவே சங்கிலியில் எல்லோரும் தள்ளிவிட்ட சரக்கு கடைசியில் வந்து நிற்கும் இடம், இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றும் வீட்டுத் தொழுவம்.

அங்கே என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு மாடு நாளைக்கு நாலு கிலோ தீன் தின்கிறது, அதில் அப்ளாடொக்சின் 50 பிபிபி என்று வையுங்கள். மாட்டுக்குள் போவது 200 மைக்ரோகிராம். அதில் ஏறத்தாழ இரண்டு வீதம், எம் 1 என்ற வடிவில், பாலில் வரும். எட்டு லீட்டர் பாலில் 4 மைக்ரோகிராம், லீட்டருக்கு அரை மைக்ரோகிராம். அமெரிக்கா அனுமதிக்கும் உச்சம் அதுதான். ஐரோப்பா அனுமதிப்பது அதில் பத்தில் ஒன்று. மாடு வழக்கம்போல் அசைபோட்டுக்கொண்டிருக்கும். பால் சேர்க்கும் இடத்தில் கொழுப்பும் அடர்த்தியும் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். நல்ல செய்தி ஒன்று: கெட்ட தீனை நிறுத்தினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும். ஆனால் நிறுத்துவதற்கு முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டும்.

தொழுவத்துக்காரர் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சீட்டில்லாத மூட்டையை, ஐம்பது ரூபா மலிவென்றாலும், வாங்காதிருப்பது. மூட்டையை அவிழ்த்ததும் கையை முழங்கைவரை உள்ளே விட்டுச் சூடு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. தவிட்டைக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. தின்னக் கொடுக்குமுன் அரைக்கிலோவைக் காய்ந்த பையில் கட்டி, சீட்டையும் பற்றுச்சீட்டையும் அதோடு வைப்பது. பால் திடீரென்று குறைந்தாலோ கோழி தீன் எடுக்காவிட்டாலோ அந்தப் பையோடு பிரதேசத்து மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போவது. வெறும் வாயால் சொல்லும் முறைப்பாட்டை ஆலையும் கடையும் எளிதில் தட்டிக்கழிக்கும், சீட்டோடு கூடிய மாதிரியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

ஆனால் இந்தச் சங்கிலியின் கெடுதி தொடங்குவது தொழுவத்தில் அல்ல, கலேவெல வீதியோரத்தில். வாசலில் திருப்புவதைவிடக் காணியருகில் காயவைப்பது மலிவு. ஒரு கமநல சேவை நிலையத்துக்கு ஒரு உலர்த்தி, ஒரு நல்ல ஈரமானி, போகத்துக்கு ஒரு பெட்டிப் பட்டைச் சோதனை, ஈரத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் எழுதிய விலைப்பலகை. பெரும்போகத்துக்கு முன் கூடும் விவசாயிகள் கூட்டங்களில் பசளையும் விதையும் பேசப்படுகின்றன. இந்த வருடம் அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் உலர்த்தியையும் கேளுங்கள், தீன் ஆலைக்காரர்களையும் அங்கே வரச்சொல்லிக் கேளுங்கள்.